சின்னத் தாடையோடு பிறந்த குழந்தை: முதலில் மூச்சு, அப்புறம்தான் பால்

என் தங்கச்சி பையன் பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "தாடை கொஞ்சம் உள்ளே இருக்கு, வளர வளர சரியாகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதி சரிதான், நிறையக் குழந்தைகளுக்குத் தாடை வளரத்தான் செய்கிறது. ஆனால் அதுவரை அந்தச் சின்னத் தாடைக்குள் இடம் போதாமல் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. இதற்குப் பியர் ரோபன் சீக்வன்ஸ் என்று பெயர். 1923-ல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர்தான் அது. பெரும்பாலும் மேலண்ணத்திலும் பிளவு இருக்கும். உதடு நன்றாக இருப்பதால் வெளியே தெரியாது, டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கிவிட்டு நெஞ்சைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழேயும் கழுத்துக்குழியிலும் உள்ளே இழுத்தால், குறட்டை மாதிரி சத்தம் வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சு ஏறி இறங்குகிறது, சத்தமே இல்லை என்றால் இன்னும் மோசம், முழுசாக அடைத்திருக்கலாம். உதடு நீலம் பூத்தால் உடனே குப்புறத் திருப்பிப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். குப்புறப் படுத்தால் நாக்கு தானாக முன்னால் விழும், முதல் வைத்தியமே அதுதான். மற்றக் குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லும் டாக்டர்களே இவர்களுக்கு மாற்றிச் சொல்வார்கள், ஆனால் ஆக்சிஜன் அளவு காட்டும் மானிட்டரை மாட்டிக்கொண்டு, அவர்கள் சொன்ன முறையில் மட்டும்.

தூளி வேண்டவே வேண்டாம். அதில் முதுகு வளைந்து முகவாய் நெஞ்சில் முட்டும், ஏற்கெனவே குறுகிய வழி இன்னும் குறுகிவிடும்.

குப்புறப் படுக்கவைத்தும் மூச்சுத் திணறல் அடங்கவில்லை என்றால் மூக்கு வழியாக நாக்குக்குப் பின்னால் வரை மெல்லிய குழாய் வைப்பார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் சில வாரமோ மாதமோ இதை வைத்தே சமாளித்து ஆபரேஷன் இல்லாமல் தப்பிக்கிற குழந்தைகள் உண்டு. அதற்கும் மேலே போனால் தாடை எலும்பை இரண்டு பக்கமும் வெட்டி, கருவி பொருத்தி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று நகர்த்தி நீளமாக்குவார்கள். கழுத்தில் துளை போடுவது கடைசி வழி.

அடுத்தது பால். "சமத்துக் குழந்தை, பால் குடிக்கும்போதே தூங்கிடுறான்" என்று நாங்கள் பெருமைப்பட்டோம். அவன் மூச்சு விடவும் உறிஞ்சவும் சேர்ந்து முடியாமல் களைத்துப் போயிருந்தான். அதனால் கடிகாரத்தைப் பாருங்கள், ஒரு வேளைப் பாலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால் குடிக்கிற சத்தைவிட செலவழிக்கிற சத்து அதிகமாகிவிடும். தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, பிளவு அண்ணத்துக்கென்று விற்கும் அமுக்குகிற பாட்டிலில் கொடுக்கலாம். நம் ஊர்ப் பாலாடையும் உதவும், கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம், விழுங்கியதும் அடுத்த கொஞ்சம். இரண்டையும் நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது பழகிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். மூக்கு வழியாக இரைப்பைக்கு டியூப் வைத்தால் அழ வேண்டாம், அவனுக்கு ஓய்வு, அவ்வளவுதான். முதல் வாரத்துக்கு அப்புறம் எடை நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

பால் குடிக்காத குழந்தை என்றதும் யாராவது உரம் விழுந்திருக்கு, தொக்கம் எடுக்கணும் என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு பாட்டி எண்ணெய் தேய்த்துத் தாடையை முன்னால் உருவிவிடக் கிளம்பிவிட்டார். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, தடுத்துவிடுங்கள். மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது.

அண்ணத்துக்கான ஆபரேஷன் பெரும்பாலும் 9 மாதத்துக்கு மேல்தான், மூச்சு நன்றாக இருந்தால். ஸ்மைல் டிரெயின் என்ற தொண்டு நிறுவனத்தின் உதவியோடு இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, விசாரியுங்கள். அதற்கு முன்னாலேயே கண் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள், இந்தக் குழந்தைகளில் சிலருக்கு ஸ்டிக்லர் சிண்ட்ரோம் என்ற, கண்ணையும் காதையும் பாதிக்கும் பிறவி நோய் இருக்கும், அதில் விழித்திரை விலகக்கூட வாய்ப்புண்டு. எங்கள் பையனுக்குக் கண் சரியாக இருந்தது, காதில்தான் நீர் கோத்திருந்தது. கூப்பிட்டால் திரும்பாததைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.