ஆறு சதுர மீட்டரில் ஒரு முழுப் பயிர்: உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பயிர்ச் சாகுபடி கற்பிக்கும் முறை

பயிர்ச் சாகுபடியைக் கற்பிக்கத் தொடங்கிய முதல் இரண்டு பருவங்களிலும், பாடம் முழுவதையும் வகுப்பறையில் நடத்தி முடித்த பிறகே மாணவர்களைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றேன். தேர்வுத்தாளில் விதையளவையும் உர அளவையும் பிழையின்றி எழுதிய அதே மாணவர்கள், பாத்தியின் முன் நின்றபோது எத்தனை கிராம் விதையை எடுப்பது என்று என்னைக் கேட்டார்கள். மூன்றாம் பருவத்தில் முறையை மாற்றினேன். நான்கு அல்லது ஐந்து மாணவர்களுக்கு ஒரு பாத்தி, ஒரே பயிர், விதையைச் சோதிப்பதிலிருந்து விளைச்சலை எடைபோடுவது வரை ஒவ்வொரு முடிவும் அவர்களுடையது. அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மண்வெட்டி பிடிப்பதையும் களைக்கொத்தியைக் கையாள்வதையும் விளக்கவில்லை. பழகியவர் ஒருவரைப் பார்த்தால் அவை ஒரே நாளில் கைவந்துவிடும். கணக்கில்தான் நாங்கள் இடறினோம் என்பதால் அந்தப் படி மட்டும் நீளமாக இருக்கும்.

படி 1: தேர்வு அட்டவணையை வைத்துப் பயிரைத் தேர்ந்தெடுங்கள்

மண்ணையும் பருவத்தையும் பார்த்துப் பயிரைத் தேர்வது இயல்பு. பள்ளியில் அவற்றோடு தேர்வையும் விடுமுறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காய் முதிரும் வாரத்தில் பள்ளி மூடியிருந்தால், மாணவர்கள் கற்க வேண்டிய கடைசிப் பாடம் செடியிலேயே வெடித்துச் சிதறிவிடும்.

முதன்முறை கற்பிப்பவருக்கு நான் பரிந்துரைப்பது பாசிப்பயறு. ஏறத்தாழ 65 முதல் 75 நாட்களில் முதிர்கிறது, விதை எண்ணுவதற்கு வசதியான அளவில் இருக்கிறது, வேர்முடிச்சையும் பூவையும் காயையும் ஒரே பருவத்தில் காட்டுகிறது. நிலத்தைத் தயார்செய்ய 10 நாட்களும் காயவைக்க ஒரு வாரமும் சேர்த்தால் அதிகபட்சம் 92 நாட்கள் போதும். தேர்வு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் குறியுங்கள். இது வெப்பத்தை விரும்பும் பயிர் என்பதால் குளிர் மிகுந்த மாதங்களைத் தவிர்க்க வேண்டும். அவ்வளவு நாட்கள் கிடைக்காவிட்டால் ஒரு மாத அளவில் முடியும் முள்ளங்கியையோ தண்டுக்கீரையையோ எடுத்துக்கொள்ளலாம். தக்காளியும் மிளகாயும் மாணவர்களைக் கவரும் என்றாலும், நாற்றங்காலும் நீண்ட அறுவடைக் காலமும் கொண்ட அவற்றை முதல் பருவத்தில் எடுக்காதீர்கள்.

படி 2: பாத்தி

பாத்தியின் அகலம் 1.2 மீட்டர், நீளம் 5 மீட்டர். இருபுறமும் நின்று நடுப்பகுதியைக் கையால் எட்ட முடிவதால் யாரும் பாத்திக்குள் கால்வைக்க வேண்டியதில்லை. மிதிபடாத மண் இறுகுவதில்லை. பரப்பு 6 சதுர மீட்டர் என்று வருவதால் பின்னர் கணக்கும் எளிதாகிறது.

மண்ணின் தன்மையை அறிய, ஒரு கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண்ணை இட்டு, நீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்திற்குள் அடியில் படிந்துவிடும். அதன்மேல் வண்டல் படிய ஓரிரு மணி நேரமும், களித்துகள் படிய ஒரு நாளும் அதற்கு மேலும் ஆகும். அடுக்குகளின் உயரத்தை அளவுகோலால் அளந்து விழுக்காடாக மாற்றும் வேலையை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள்.

படி 3: முளைப்புத்திறன் சோதனை

வண்ணப்பூச்சுள்ள விதையை வாங்காதீர்கள். பெரும்பாலும் அந்த வண்ணம் பூச்சிக்கொல்லியோ பூஞ்சணக்கொல்லியோ பூசப்பட்டதன் அடையாளம், மாணவர்கள் அதைக் கையால் எண்ணக் கூடாது. பூச்சில்லாத விதையில் நூறை எண்ணி, ஈரமான தடித்த தாளில் பத்து வரிசையாகப் பரப்பி, இன்னொரு ஈரத்தாளால் மூடி, தளர்வாகச் சுருட்டி நிழலில் நிறுத்திவையுங்கள். தாள் காயாமலும் நீர் தேங்காமலும் பார்த்துக்கொண்டு ஏழாம் நாள் பிரியுங்கள்.

முளைத்தவை எல்லாவற்றையும் எண்ணிவிடக் கூடாது. வேர் இல்லாதது, தண்டு பிளந்தது, அழுகியது ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, நல்ல வேரும் தண்டும் கொண்ட நாற்றுகளை மட்டும் எண்ண வேண்டும். எதை ஏற்பது, எதை ஒதுக்குவது என்று குழுவுக்குள் எழும் வாதத்தை அவசரப்பட்டு முடித்துவைக்காதீர்கள். நாற்றை உற்று நோக்கும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது.

படி 4: ஹெக்டேர் கணக்கைப் பாத்திக்குக் கொண்டுவருதல்

எல்லாப் பரிந்துரைகளும் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்றே அச்சாகியிருக்கின்றன. மாணவரின் கையில் இருப்பதோ 6 சதுர மீட்டர். என் மூன்றாம் பருவத்தில் ஒரு குழு ஒரு ஹெக்டேரை 1,000 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டது. இட வேண்டிய யூரியா ஏறக்குறைய 33 கிராம். அவர்கள் இட்டதோ 326 கிராம். அவர்களுடைய தாளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நானும் கையொப்பமிட்டிருந்தேன். ஒரு வாரத்திற்குள் இலை நுனிகள் கருகின. பாதிக்கு மேற்பட்ட நாற்றுகள் செத்தன. அந்த ஐந்து பேரின் முகம் இன்றும் நினைவில் இருப்பதால், இந்தக் கணக்கை இப்போது மூன்று நாட்களுக்குப் பிரித்து நடத்துகிறேன்.

முதல் நாள், ஒரே ஒரு உண்மையைத் தரையில் காட்டுங்கள். கயிறும் முளைக்குச்சியும் கொண்டு ஒரு சதுர மீட்டரைக் குறித்து, இத்தகைய 10,000 சதுரங்கள் சேர்ந்ததே ஒரு ஹெக்டேர் என்று சொல்லுங்கள். ஒரு கிலோ என்பது 1,000 கிராம். அதை 10,000 சதுரங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 0.1 கிராம் வரும். ஆகவே ஹெக்டேருக்குக் கூறப்படும் கிலோவைப் பத்தால் வகுத்தால் சதுர மீட்டருக்கு உரிய கிராம் கிடைக்கும். இந்த ஒரு வரியைத் தோட்டக் கொட்டகையின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறோம்.

இரண்டாம் நாள் விதைக்கணக்கு. ஹெக்டேருக்கு 20 கிலோ விதை என்றால் சதுர மீட்டருக்கு 2 கிராம், பாத்திக்கு 12 கிராம். இந்த விடையை அப்படியே ஏற்காமல் இன்னொரு வழியில் சரிபார்க்கச் செய்யுங்கள். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்றால் பாத்தியில் நான்கு வரிசைகள், வரிசைக்கு 50 செடிகள், மொத்தம் 200 செடிகள். முளைப்புத்திறன் 80 விழுக்காடு என்று முந்தைய படியில் தெரிந்திருந்தால் 250 விதைகள் வேண்டும். நூறு விதையின் எடை 4 கிராம் என்றால் அது 10 கிராம். மண்ணில் வீணாகும் விதைகளையும் கருதும்போது 12 கிராம் ஏன் பரிந்துரைக்கப்பட்டது என்பது அவர்களுக்கே விளங்கும். இரண்டு வழிகளில் வந்த விடைகள் அருகருகே நின்றால் கணக்கு சரி. ஒன்று மற்றதைப் போலப் பத்து மடங்காக இருந்தால் எங்கோ ஒரு சுழியம் தவறியிருக்கிறது. அன்று யூரியாவுக்கு இப்படியொரு சரிபார்ப்பு இருந்திருந்தால் அந்தப் பாத்தி பிழைத்திருக்கும்.

மூன்றாம் நாள் உரம். இங்கே இன்னொரு தடுமாற்றம் உண்டு: பரிந்துரையில் இருப்பது சத்தின் அளவு, மூட்டையில் இருப்பது உரம். ஹெக்டேருக்கு 25 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்றால் பாத்திக்கு 15 கிராம் தழைச்சத்து. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு மட்டுமே என்பதால், 15ஐ 0.46 ஆல் வகுத்து 32.6 கிராம் யூரியா எடுக்க வேண்டும். வேகமாகக் கற்கும் குழுவுக்கு டிஏபி (டைஅமோனியம் பாஸ்பேட்) உரத்தைக் கொடுங்கள். அதில் தழைச்சத்து 18 விழுக்காடு, மணிச்சத்து (பாஸ்பேட்) 46 விழுக்காடு. ஹெக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து வேண்டுமானால் பாத்திக்கு 65 கிராம் டிஏபி, அதிலேயே 11.7 கிராம் தழைச்சத்து வந்துவிடுவதால், மீதமுள்ள 3.3 கிராமுக்கு 7 கிராம் யூரியா போதும்.

எடைபோடுவதற்கு ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் மின்னணுத் தராசை மட்டுமே பயன்படுத்துங்கள். வில் தராசில் 33 கிராமைக் கண்டுபிடிக்க முடியாது. கைப்பிடி, தேக்கரண்டி என்ற அளவுகளையும் நான் இப்போது அனுமதிப்பதில்லை.

படி 5: ஒரு கேள்வி, ஒரு ஒப்பீட்டுப் பாத்தி

வகுப்பு முழுவதற்கும் ஒரே கேள்வியை வையுங்கள். உரமிட்ட பாத்தியும் இடாத பாத்தியும், 3 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்ததும் 6 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்ததும் என ஏதேனும் ஒன்று. இரண்டையும் ஒரே பருவத்தில் கலக்க வேண்டாம். ஒவ்வொரு முறைக்கும் மூன்று பாத்திகள் இருக்கட்டும். எந்தப் பாத்தி எதற்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், இல்லையெனில் நல்ல மண் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும்.

உரமிடாத பாத்தி தங்களுக்குக் கிடைத்ததைத் தண்டனையாக மாணவர்கள் நினைக்கக்கூடும். அவர்களுக்கு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைப் பற்றிச் சொல்கிறேன். அங்குள்ள பிராட்பால்க் வயலில் 1843 முதல் கோதுமைச் சோதனை நடந்துவருகிறது. அதில் ஒரு பகுதிக்கு அன்றிலிருந்து எந்த உரமும் இடப்படவில்லை. மற்றப் பகுதிகளின் விளைச்சலுக்குப் பொருள் தருவதே அந்தப் பகுதிதான் என்று விளங்கியதும், ஒப்பீட்டுப் பாத்தியை அவர்கள் தனி அக்கறையோடு காக்கிறார்கள்.

படி 6: விதைப்பும் நீரும்

நுனியிலிருந்து 3 சென்டிமீட்டரில் கோடும், பக்கவாட்டில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டும் உள்ள குச்சி ஒன்று குழுவிற்குப் போதும். உரத்தை விதையின்மேல் படாமல், வரிசையிலிருந்து 5 சென்டிமீட்டர் விலக்கி இடுங்கள். முளைத்து ஒரு வாரத்தில் நெருக்கமானவற்றைக் கலைத்துவிட வேண்டும். களையெடுப்பை 15ஆம் நாளுக்கும் 30ஆம் நாளுக்கும் இடையில் தள்ளிப்போடக் கூடாது. களைப் போட்டி பயிரை அதிகம் பாதிக்கும் காலம் அது.

*பின்னர் சேர்த்தது:* களிமண் தோட்டத்தில் முயன்ற ஆசிரியர் ஒருவர், மேல்மண் ஓடுகட்டி நாற்றுகள் வளைந்து உள்ளேயே நின்றுவிட்டதாக எழுதியிருந்தார். பாசிப்பயறு தன் வித்திலைகளை மண்ணுக்கு மேல் தூக்கிக்கொண்டு வருவதால் இறுகிய மண் அதைத் தடுத்துவிடும். அத்தகைய மண்ணில் விதையை மண்ணால் மூடாமல் மக்கிய தொழுவுரத்தால் மூடி, மூன்றாம் நாள் பூவாளியால் மெல்லிய தெளிப்பு கொடுங்கள்.

நீரைப் பொறுத்தவரை, ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நிற்கும் நீர் சரியாக ஒரு லிட்டர். பயிருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தேவை என்று கொண்டால் பாத்திக்கு 30 லிட்டர், மூன்று நாட்களுக்கு ஒருமுறை என்றால் 90 லிட்டர். பத்து லிட்டர்ப் பூவாளியில் ஒன்பது முறை. மேற்பரப்பு நனைந்ததும் போதுமென்று நிறுத்திய மாணவர்கள், விரல் நீளத்திற்குத் தோண்டிப் பார்த்து உலர்ந்த மண்ணைக் கண்ட பிறகு இந்தக் கணக்கை மறப்பதில்லை.

படி 7: 35ஆம் நாளும் பூச்சிகளும்

பூக்கும் தறுவாயில் ஓரத்துச் செடி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். பிடுங்கினால் வேர்முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். சுற்றிலும் தோண்டி, நீரில் அலசி எடுக்க வேண்டும். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். லெக்ஹீமோகுளோபின் என்ற பொருளால் வந்த நிறம் அது; காற்றிலுள்ள தழைச்சத்தைப் பாக்டீரியா நிலைநிறுத்திக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை. பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் இதுதான்.

மாணவர்கள் எந்தப் பூச்சிக்கொல்லியையும் தொடக் கூடாது என்பது என் உறுதியான நிலைப்பாடு. அவர்கள் கற்க வேண்டியது எண்ணுவது. வாரம் ஒருமுறை பத்துச் செடிகளில் அசுவினியையும் வெள்ளை ஈயையும் எண்ணிக் குறிக்கட்டும். பொறிவண்டின் புழுவை முன்கூட்டியே படத்தில் காட்டிவிடுங்கள். கருநிறமும் ஆரஞ்சுப் புள்ளிகளும் கொண்ட அதன் தோற்றத்தால் பயந்து நசுக்கிவிடுகிறார்கள், ஆனால் அதுதான் அசுவினியைத் தின்று தீர்ப்பது.

படி 8: அறுவடையும் எடையும்

காய்கள் ஒரே நாளில் முதிர்வதில்லை. கருத்தவற்றை மட்டும் இரண்டு மூன்று முறையாகப் பறிக்க வேண்டும். ஓரத்துச் செடிகளுக்கு ஒளியும் இடமும் கூடுதலாகக் கிடைப்பதால் அவை மிகுதியாகக் காய்க்கும்; அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் விளைச்சல் உண்மைக்கு மேல் காட்டும். எனவே வெளிப்புற வரிசைகள் இரண்டையும், இருமுனைகளிலும் அரை மீட்டரையும் தனியே அறுத்து ஒதுக்குங்கள். நடுவில் எஞ்சுவது 0.6க்கு 4 மீட்டர், அதாவது 2.4 சதுர மீட்டர். அதில் காய்ந்த விதை 190 கிராம் கிடைத்தால் சதுர மீட்டருக்கு 79 கிராம். பத்தால் பெருக்கினால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 790 கிலோ. நான்காம் படியில் பத்தால் வகுத்ததை மாணவர்கள் இங்கே தாமாகவே நினைவுகூர்வார்கள்.

*பின்னர் சேர்த்தது:* நிலமே இல்லாத பள்ளியில் வளர்ப்புப் பைகளில் செய்ய முடியுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். முடியும், ஆனால் பரப்புக்குப் பதிலாகச் செடிக்கணக்கில் உரமிடுங்கள். சதுர மீட்டருக்கு 33 செடிகள் என்பதால் ஒரு செடிக்கு 0.16 கிராம் யூரியா வரும். அதைத் தராசில் நிறுக்க முடியாது. 16 கிராமைப் பத்து லிட்டர் நீரில் கரைத்து, செடிக்கு 100 மில்லிலிட்டர் ஊற்றினால் அளவு சரியாக இருக்கும்.

விதையைப் பல்லில் கடித்தால் நசுங்காமல் சத்தத்தோடு உடையும் வரை காயவைத்து, காற்றுப்புகாத குடுவையில் குழுவின் பெயரும் அறுவடை நாளும் எழுதிய சீட்டோடு மூடிவையுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் தாளில் பரப்பிச் சோதிக்கும் நூறு விதைகள் அந்தக் குடுவையிலிருந்து வரட்டும்.