கார் ஏறினாலே சத்தி எடுக்கும் நாய்க்குட்டி: பயணம் பழக்குவது எப்படி?

எங்கள் ஜிம்மிக்கு நாலு மாதம் இருக்கும்போது, தடுப்பூசி போட வெள்ளவத்தையிலிருந்து தெகிவளைக்குக் கூட்டிப்போனோம். கிட்டத்துப் பயணம்தான். காலி வீதியில் கார் ஓடி நின்று, ஓடி நின்று போனதில் பாதி வழியிலேயே என் மடியில் சத்தி எடுத்துவிட்டான். அடுத்த முறை கதவைத் திறந்ததுமே வீணீர் வடியத் தொடங்கியது. கார் இன்னும் கிளம்பவேயில்லை! வயிற்றை மட்டும் கவனித்தால் போதாது, காரைப் பற்றிய பயமும் போகவேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது.

குட்டிகளுக்கு உட்காதில் உடலின் சமநிலையைப் பார்க்கும் பகுதி முழுதாக வளர்ந்திருக்காது. அதனால்தான் தலைசுற்றும். பல குட்டிகளுக்கு ஒரு வயதை ஒட்டி இது தானாகவே குறையும். ஆனால் அதற்குள் பயம் பதிந்துவிட்டால், வளர்ந்த பிறகும் விடாது.

முதலில், ஓடாத கார்

காரை வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினைப் போடாமல், கதவுகளைத் திறந்து வையுங்கள். தூக்கி உள்ளே போடாதீர்கள், தானாக ஏறட்டும். ஏறினால் ஒரு துண்டு அவித்த கோழி, ஒரு தடவல், உடனே இறக்கம். ஜிம்மி முதல் மூன்று நாளும் முன்னங்கால்கள் இரண்டை மட்டும்தான் வைத்தான். அதற்கும் கோழி கொடுத்தேன். நாலாம் நாள் ஏறி, சீட்டை மோந்து பார்த்துவிட்டுப் படுத்தான். காருக்குள் வாசனைத் திரவியம் தொங்கினால் கழற்றிவிடுங்கள், நாய் மூக்குக்கு அது பெரிய தொல்லை.

அப்புறம் எஞ்சினைப் போட்டு, நகராமல் சில நிமிடம் இருங்கள். அமைதியாக இருந்தால் ஒழுங்கை முனை வரை போய்த் திரும்புங்கள். அதுவும் சரியென்றால் ஞாயிறு விடியற்காலையில் மரைன் டிரைவ். கடற்கரையோரம், நெரிசல் இல்லை, திடீர் பிரேக் இல்லை. போய் இறங்கும் இடம் ஊசி போடும் இடமாகவே இருக்கக்கூடாது, நடக்கவும் மோந்து பார்க்கவும் ஏற்ற இடமாக இருக்கட்டும். எந்தப் படியிலாவது பயந்தால் ஒரு படி பின்னால் வாருங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் எல்லாம் வீண்.

பயண நாளில்

வளர்ந்த நாய்க்குப் புறப்படுவதற்கு முன் சில மணி நேரம் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். சின்னக் குட்டியை நீண்ட நேரம் பட்டினி போடாதீர்கள், இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். கிளம்பும் முன் கொஞ்சம் நடக்கவிடுங்கள்.

பின்சீட்டில் உடல் பட்டியை சீட் பெல்ட்டோடு மாட்டுங்கள், அல்லது கூட்டில் வையுங்கள். முன்னோக்கி இருந்தால் நல்லது. கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினால் காற்று வரும், ஆனால் தலையை வெளியே நீட்ட விடாதீர்கள். கடுகண்ணாவை வளைவுகள் போன்ற இடங்களில் மெதுவாக ஓட்டுங்கள். கொழும்பு வெயிலில் நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூடத் தனியே விடவேண்டாம்.

அறிகுறி தெரிந்தால்

அடிக்கடி கொட்டாவி, உதட்டை நக்குதல், விழுங்கிக்கொண்டே இருத்தல், வீணீர். இவை தெரிந்ததும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். முதலில் பட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பிறகுதான் கதவைத் திறக்கவேண்டும், மிரண்ட நாய் வீதிக்குப் பாய்ந்துவிடும். பத்து நிமிடம் நடத்தி, ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். சத்தி எடுத்ததற்காக ஏசாதீர்கள். பாவம், அது வேண்டுமென்று செய்வதில்லை. பழைய துவாய், பொலித்தீன் பை, தண்ணீர் எப்போதும் காரில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் அப்பச்சோடா தூவி நன்றாகத் துடையுங்கள், பழைய வாடையே அடுத்த முறை குமட்டலைக் கிளப்பும்.

மருந்து

நமக்கான பயண மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். நாய்களுக்கென்றே மரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது. வழக்கமாகப் புறப்பட இரண்டு மணி நேரத்துக்கு முன் கொடுப்பார்கள். வயதையும் எடையையும் பார்த்து மிருக வைத்தியர்தான் அளவைச் சொல்லவேண்டும்.

காரை விட்டு இறங்கிய பிறகும் சத்தி நிற்காவிட்டால், அதில் இரத்தம் தெரிந்தால், இதுவரை நன்றாகப் பயணம் செய்த நாய் திடீரெனத் தலையைச் சாய்த்துத் தள்ளாடினால், அது பயணக் குமட்டலாக இருக்காது. காதில் நோய் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அன்றே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.