கொல்கத்தா புத்தகக் காட்சிக்குச் செல்வது எப்படி: பேச்சரங்குகளைத் தேடிச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் பொங்கலை ஒட்டி நடக்கும் புத்தகக் காட்சி நிறைவடையும் சமயத்தில், கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் இன்னொரு புத்தகக் காட்சிக்கான அரங்குகள் எழும்பிக்கொண்டிருக்கும். ஜனவரி இறுதியில் தொடங்கிப் பிப்ரவரி முதல் வாரம் வரை, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நடைபெறும் கொல்கத்தா பன்னாட்டுப் புத்தகக் காட்சிக்குத் தமிழ்நாட்டிலிருந்து செல்ல விரும்பும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். நூல் வாங்குவதற்காக மட்டும் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை, வேண்டிய நூல்களில் பெரும்பாலானவற்றை வீட்டிலிருந்தே தருவித்துக்கொள்ளலாம். எழுத்தாளர்களின் உரைகளையும் கருத்தரங்குகளையும் நேரில் அமர்ந்து கேட்பதற்காகப் போகலாம். ஆனால் அதற்கு முன்னேற்பாடு வேண்டும். இல்லையெனில் நெரிசலில் நடந்து களைத்து, பை நிறைய நூல்களோடும் மனம் நிறையாமலும் திரும்ப நேரிடும்.

முதலில் இந்தக் காட்சியின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் புத்தகச் சந்தையில் பதிப்பாளர்களும் முகவர்களும் பதிப்புரிமை பேசி முடிப்பதே முதன்மையான வேலை. கொல்கத்தாவிலோ எல்லாமே வாசகரை மையமாகக் கொண்டவை. அந்நகரின் பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான கில்டு 1976இல் விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு அருகில் இதைத் தொடங்கியபோது 34 பதிப்பாளர்கள் கலந்துகொண்டார்கள். நுழைவுக் கட்டணம் 50 பைசா. இன்று நுழைவு இலவசம். எத்தனையாவது காட்சியோ அத்தனை முறை மரச் சுத்தியலைத் தட்டித் தொடங்கிவைப்பது அங்குள்ள வழக்கம். தொடக்க விழாவில் கூட்டம் கடுமையாக இருக்கும் என்பதால், முதன்முறை செல்பவர் அதற்காக மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து.

நாள்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. காட்சி பொதுவாக நண்பகல் 12 மணிக்குத் தொடங்கி இரவு 8 மணி வரை நடக்கும். வார இறுதியில் சற்று நீளும். சனி, ஞாயிறுகளிலும், குடியரசு நாள் காட்சிக்குள் வந்தால் அன்றும் நிற்க இடமிருக்காது. சரசுவதி பூசையும் பெரும்பாலும் இக்காலத்தை ஒட்டித்தான் வரும். நாம் நவராத்திரியில் கொண்டாடுவதை வங்காளிகள் தை மாதத்தை ஒட்டிய வசந்த பஞ்சமியில் கொண்டாடுகிறார்கள். நூல்களைத் தேவியின் காலடியில் வைத்துவிட்டு அன்று படிக்காமலிருப்பது இரு ஊர்களுக்கும் பொதுவான மரபு. மஞ்சள் புடவையும் குர்தாவும் அணிந்த இளைஞர் கூட்டம் நகரையே நிறைத்துவிடும் அந்த நாளைப் பார்ப்பது நல்ல அனுபவம்தான் என்றாலும், அமைதியாக உரை கேட்க விரும்புபவர் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. திங்கள் முதல் வியாழன் வரையிலான ஏதேனும் இரண்டு நாள்களையும், வளாகத்துக்குள்ளேயே நடைபெறும் கொல்கத்தா இலக்கிய விழாவின் ஒரு நாளையும் சேர்த்து, மூன்று நாள்களுக்குத் திட்டமிடுங்கள். இலக்கிய விழா பெரும்பாலும் காட்சியின் கடைசி நாள்களில்தான் நடத்தப்படுகிறது. ஆகையால் பயணத்தைப் பின்பாதியில் வைத்துக்கொள்வதே பொருத்தம்.

சென்னையிலிருந்து ஹவுராவுக்கு ரயிலில் ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். கோரமண்டல் விரைவு ரயில் இப்போது ஹவுராவுக்குப் பதிலாக ஷாலிமார் நிலையத்தில் நின்றுவிடுகிறது என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே கவனியுங்கள். ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் செல்லும் மெட்ரோவின் பச்சைத் தடம் 2025 ஆகஸ்ட் முதல் முழுமையாக இயங்குவதால், ஹவுராவில் ஏறினால் வேறு வண்டி மாறாமலே கருணாமயி நிலையத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து நடந்தே வளாகத்தை அடையலாம். தங்குமிடத்தையும் இந்தத் தடத்தை ஒட்டியே பாருங்கள். இரவில் காட்சி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறும்போது வாடகைக் கார் கிடைப்பது அரிது.

இனி, பேச்சரங்குகளுக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாடு மையக் கருவாக அறிவிக்கப்படுகிறது. 2023இல் ஸ்பெயின், 2024இல் பிரிட்டன், 2025இல் ஜெர்மனி, 2026இல் அர்ஜென்டினா. அந்த நாட்டின் எழுத்தாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் வருவார்கள். அவர்களுக்கென்றே தனி அரங்கும் அமைக்கப்படும். மையக் கரு தெரிந்தவுடன் அந்நாட்டு இலக்கியத்திலிருந்து, தமிழில் கிடைத்தால் தமிழிலும் இல்லையென்றால் ஆங்கிலத்திலும், ஒரு நாவலையோ ஒரு கதைத் தொகுப்பையோ படித்துவிடுங்கள். அதோடு வங்க நாவல் ஒன்றும் கட்டாயம் வேண்டும். த.நா. குமாரஸ்வாமி, சு. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் ஆங்கிலத்தை இடையில் கொள்ளாமல் வங்க மொழியிலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்த நாவல்கள் பழைய நூலகங்களில் இன்றும் கிடைக்கின்றன. ஒரு மொழியின் எழுத்தை அந்த மொழிக்காரர்களின் நடுவில் அமர்ந்து பேசக் கேட்கும்போது, முன்பே படித்த ஒரே ஒரு நூல் தருகிற பிடிமானத்தை வேறெதுவும் தராது. முதல் முறை சென்றபோது நான் எதையும் படிக்காமல் போனேன். மொழிபெயர்ப்பு பற்றிய ஓர் உரையாடலில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தும், பேசியவர்கள் எதைப் பற்றிச் சிரித்தார்கள், எதற்காக வாதிட்டார்கள் என்பதைப் பிடிக்க முடியாமல் எழுந்து வந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்து ஒரு நாளைக்கு இரண்டு அமர்வுகளுக்கு மேல் குறித்துக்கொள்ளாதீர்கள். ஓர் அமர்வு முடிந்ததும் அடுத்ததற்கு ஓடினால், பேச்சாளரை அணுகி இரண்டு சொல் பேசும் வாய்ப்பு போய்விடும். கருத்தரங்கின் உண்மையான பயன் பல சமயங்களில் மேடைக்குக் கீழே, அந்தப் பத்து நிமிடங்களில்தான் இருக்கிறது. நேரம் மாறக்கூடும் என்பதால் காலையில் ஒருமுறையும், வளாகத்துக்குள் நுழைந்தவுடன் அறிவிப்புப் பலகையில் ஒருமுறையும் சரிபாருங்கள். கேட்க விரும்பும் கேள்வியை முதல் நாள் இரவே ஆங்கிலத்தில் இரண்டு வரியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். “உங்கள் எழுத்தின் நோக்கம் என்ன?” போன்ற பொதுவான கேள்விக்குப் பொதுவான விடையே வரும். நூலில் ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சுட்டி, அந்தப் பாத்திரம் ஏன் அங்கே மௌனமாகிறது என்று கேட்டால், எழுத்தாளர் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார். தமிழில் அந்த நூல் எப்படி வாசிக்கப்படுகிறது என்பதை ஒரு வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். தம் எழுத்து இன்னொரு மொழியில் என்னவாக ஆனது என்பதை அறிய விரும்பாத எழுத்தாளர் அரிது.

பெரும்பாலான கருத்தரங்குகள் வங்க மொழியில்தான் நடக்கும். ஆங்கில அமர்வுகளை இலக்கிய விழாவில் கூடுதலாகக் காணலாம். அதற்காக வங்க அமர்வுகளை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டாம். வடமொழிச் சொற்கள் பல நம் காதுக்குப் பழக்கமானவை, ஆனால் பொருள் மாறியவை. அங்கே ‘உபொன்யாஷ்’ என்றால் நாவல். நம்மூர் உபந்நியாசம் போன்ற சமயச் சொற்பொழிவு அல்ல. ‘ப்ரொபொந்தோ’ என்றால் கட்டுரை. நாம் பிரபந்தம் என்றதும் நினைக்கிற ஆழ்வார் பாசுரங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘ஆலோசொனா சபா’ என்பதுதான் கருத்தரங்கு. ‘கொல்போ’ சிறுகதை, ‘கொபிதா’ கவிதை, ‘அனுபாத்’ மொழிபெயர்ப்பு. இந்த ஆறு சொற்களை வங்க எழுத்திலும் அடையாளம் காணப் பழகிவிட்டால், நிகழ்ச்சி நிரலையும் அரங்குகளின் பெயர்ப்பலகைகளையும் ஓரளவு நீங்களே வாசிக்கலாம். விற்பனையாளர் ஆணாக இருந்தால் ‘தாதா’ என்றும் பெண்ணாக இருந்தால் ‘திதி’ என்றும் அழையுங்கள். நம் அண்ணன், அக்காவுக்கு இணையான அச்சொற்களுக்குப் பிறகு பேச்சு எளிதாகிவிடும்.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நகரின் நடுவிலுள்ள மைதான் என்ற பெரிய திறந்தவெளியில் பல்லாண்டுகள் நடந்த இக்காட்சி, சுற்றுச்சூழலைக் காப்பதற்கான வழக்குகளின் விளைவாக 2007இல் அங்கிருந்து வெளியேறிப் பல இடங்களுக்கு மாறி, 2018இல் சால்ட் லேக்குக்கு வந்தது. ஆயிரக்கணக்கான கால்கள் கிளப்பும் புழுதி மைதானில் நடந்த காலத்திலேயே ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் முகக்கவசம் இல்லாமல் போக வேண்டாம். மாலையில் மெல்லிய கம்பளிச் சட்டை தேவைப்படும். 1997இல் தத்துவவாதி ழாக் தெரிதா வந்து தொடங்கிவைத்த ஆண்டில் பெரும் தீ விபத்து நேர்ந்து, ஏராளமான நூல்கள் எரிந்துபோயின. சில நாள்களிலேயே காட்சி மீண்டும் நடத்தப்பட்டது என்பதை நினைத்தால் அந்த மக்களின் புத்தகப் பற்று விளங்கும். குழந்தைகளுடன் செல்பவர்கள், உள்ளே நுழைந்ததும் அருகிலுள்ள வெளிவாயில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரங்குகளில் நேரத்தைப் பங்கிடும்போது, சிற்றிதழ்களுக்கென ஒதுக்கப்படும் பகுதிக்குக் குறைந்தது இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். சிறிய மேசைகளுக்குப் பின்னால் இதழாசிரியரே அமர்ந்திருப்பார். கவிஞரும் மெய்ப்புத் திருத்தியவரும் பணம் வாங்குபவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பார். சிறுபத்திரிகை மரபில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு அந்த முகங்கள் அந்நியமாகத் தோன்றா. வங்கம் படிக்கத் தெரியாவிட்டாலும் ஓர் இதழை விலை கொடுத்து வாங்குங்கள். எந்த எண்ணிக்கையில் அச்சிடுகிறார்கள், சந்தாவை எப்படிச் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். மேடைக் கருத்தரங்குகளில் கிடைக்காத செய்திகள் இங்கே கிடைக்கும். நான் கேட்ட ஆகச் சிறந்த இலக்கிய உரையாடல்கள் இந்த மேசைகளின் முன்னால் நின்றுகொண்டு கேட்டவைதான்.

கனமான நூல்களைக் காட்சியில் வாங்காமல் தலைப்பை மட்டும் குறித்துக்கொண்டு, மறுநாள் காலை, புத்தகக் கடைகள் நிறைந்த கல்லூரித் தெருவுக்கு (காலேஜ் ஸ்ட்ரீட்) போங்கள். காட்சி நண்பகலில்தான் தொடங்குவதால் காலைப் பொழுது முழுவதும் உங்களுடையது. அங்குள்ள பதிப்பாளர் கடைகளில் தள்ளுபடி பெரும்பாலும் கூடுதலாகக் கிடைக்கும். அதே வட்டாரத்தின் டேமர் லேன் என்ற சந்தில், சந்தீப் தத்தா 1978இல் தொடங்கிய சிற்றிதழ் நூலகமும் ஆய்வு மையமும் உள்ளது. தேசிய நூலகத்தில் சிற்றிதழ்கள் கழித்துப் போடப்படுவதைக் கண்டு மனம் பொறாமல், தனியொரு மனிதராகச் சொந்த வீட்டிலேயே அவற்றைச் சேர்த்துக் காத்தவர் அவர், 2023இல் மறைந்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு செல்லுங்கள். கையில் வைத்திருக்கும் தமிழ்ச் சிற்றிதழ் ஒன்றையும் அங்கே கொடுப்பதற்காக எடுத்துச் செல்லுங்கள்.