விமான நிறுவன வண்ணத்தில் ராலி மாடல் கார்கள்: முதல் மூன்று காரைச் சேர்ப்பது எப்படி?

இத்தாலிய விமான நிறுவனமான அலிடாலியா 2021 அக்டோபர் 14-ஆம் தேதி தன் கடைசி விமானத்தை ஓட்டிவிட்டு மூடிவிட்டது. ஆனாலும் அந்த வெள்ளை, பச்சை, சிவப்பு வண்ணத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு விமானம் நினைவுக்கு வருவதில்லை. ராலி என்னும் சாலைப் பந்தயங்களில் அந்த நிறுவனத்தின் வண்ணத்தில் ஓடிய லான்சியா ஸ்ட்ராடோஸ்தான் வருகிறது. மூக்கைத் தரையோடு தாழ்த்தி, முன்னால் விளக்குக் கூட்டத்தைச் சுமந்து, பனி மலையில் ஏறும் அந்தக் குட்டைக் கார்.

மாடல் கார் சேர்க்க விரும்பி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த வழிதான். ஒரே விமான நிறுவனம், ஒரே கார், ஒரே ராலி என்று சுருக்கிக்கொள்ளுங்கள். சுருக்கினால்தான் கண் கூர்மையாகும்.

படி 1: எதைச் சேர்க்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

நல்ல ராலி மாடல் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட ராலியில், குறிப்பிட்ட இருவர் ஓட்டிய வண்டியின் நகல். பொதுவாக "ஒரு ஸ்ட்ராடோஸ்" என்று எதுவும் கிடையாது. இது மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

தொடங்க நான் சொல்லும் மூன்று கார்கள் இவை. மூன்றும் மான்டே கார்லோ ராலியில் வென்ற அலிடாலியா ஸ்ட்ராடோஸ்கள், மூன்றையும் ஓட்டியவர் சாண்ட்ரோ முனாரி.

1975: எண் 14, கோ-டிரைவர் (பக்கத்தில் அமர்ந்து வழி சொல்பவர்) மாரியோ மன்னூச்சி.
1976: எண் 10, கோ-டிரைவர் சில்வியோ மைகா.
1977: எண் 1, மறுபடி மைகா.

தொடர்ந்து மூன்று ஆண்டு, ஒரே ஓட்டுநர், ஒரே ஸ்பான்சர். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு வாரம் போனபின் பாருங்கள். விளக்கு அமைப்பு, சிறு ஸ்பான்சர்களின் இடம், கதவில் எண் உட்காரும் விதம் என்று வேறுபாடுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கும். இந்தப் பொழுதுபோக்கின் ருசியே அங்கேதான் இருக்கிறது.

அலிடாலியாவில் தொடங்கச் சொல்வதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. அந்தக் காலத்து ராலி கார்கள் பலவற்றுக்கு சிகரெட் நிறுவனங்கள்தான் ஸ்பான்சர். 1974-ல் இதே ஸ்ட்ராடோஸ் மார்ல்போரோ வண்ணத்தில் ஓடியது. புகையிலை விளம்பரத் தடை காரணமாக அப்படிப்பட்ட மாடல்கள் பெயர் இல்லாமல் வெறுமையாக வருவதுண்டு. எழுத்தைத் தனியாக வாங்கி நாமே ஒட்ட வேண்டியிருக்கும். விமான நிறுவனப் பெயருக்கு அந்தத் தொல்லை இல்லை. பெட்டியைத் திறந்ததுமே கார் முழுமையாக இருக்கும்.

படி 2: கதையைக் கொஞ்சம் படியுங்கள்

வாங்குவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

ஸ்ட்ராடோஸ் ராலிக்காகவே பிறந்த கார். வடிவமைத்தது பெர்டோனே நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ காந்தினி. நடுவில் ஃபெராரி டீனோவின் 2.4 லிட்டர் வி6 எஞ்சின். மொத்த நீளமே 3.71 மீட்டர்தான். குட்டை வண்டி என்பதால் வளைவுகளில் சட்டென்று திரும்பும். லான்சியா அணியை நடத்திய செசாரே ஃபியோரியோ விடாப்பிடியாக நின்றதால்தான் அது ராலிக் களத்துக்கு வந்தது. 1974, 1975, 1976 மூன்று ஆண்டும் உலக ராலி சாம்பியன்ஷிப்பின் தயாரிப்பாளர் பட்டம் லான்சியாவுக்கே.

அப்புறம் நடந்ததுதான் சேகரிப்பாளருக்கு முக்கியம். லான்சியா 1969-லிருந்தே ஃபியட்டின் கையில் இருந்தது. சாதாரண மக்கள் வாங்கும் 131 மாடலை ராலியில் காட்டினால் ஷோரூமில் விற்பனை கூடும் என்று ஃபியட் கணக்குப் போட்டது. ஸ்ட்ராடோஸ் ஓரம் கட்டப்பட்டது. 1978-ல் அலிடாலியா வண்ணம் 131-ன் பந்தய வடிவமான ஃபியட் 131 அபார்த்துக்கு மாறியது, ஸ்ட்ராடோஸ் பிரெல்லி டயர் நிறுவன வண்ணத்தில் ஓடியது. அந்த ஆண்டு ஓட்டுநர் மார்க்கு ஆலேன் அலிடாலியா 131-ல் போர்ச்சுகலையும் பின்லாந்தின் ஆயிரம் ஏரிகள் ராலியையும் வென்றார்; இத்தாலியின் சான்ரெமோ ராலியை மட்டும் ஸ்ட்ராடோஸில் வென்றார்.

ஆகவே நான்காவது கார் எது என்று கேட்டால், தயங்காமல் 1978 போர்ச்சுகல் ஃபியட் 131 என்பேன். கூம்பு போன்ற ஸ்ட்ராடோஸும் பெட்டி போன்ற 131-ம் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு அருகருகே நிற்பதைப் பார்த்தால், அந்த நிறுவனத்துக்குள் நடந்த இழுபறி முழுவதும் அலமாரியிலேயே தெரியும்.

படி 3: அளவைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்ட்ராடோஸை வைத்தே கணக்குப் பார்க்கலாம். 1:64, அதாவது நிஜக் காரில் 64-ல் ஒரு பங்கு என்றால் சுமார் 5.8 செ.மீ. 1:43 என்றால் 8.6 செ.மீ. 1:24 என்றால் 15.5 செ.மீ. 1:18 என்றால் 20.6 செ.மீ.

ராலிக்கு 1:43தான் தாய்மொழி மாதிரி. ரயில் மாடல்களின் 'ஓ' கேஜ் அளவிலிருந்து வந்த இந்த விகிதத்தில்தான் ஐரோப்பாவில் பல பத்தாண்டுகளாக ராலி கார்களைச் செய்துவருகிறார்கள். சொலிடோ, விட்டெஸ், இக்ஸோ, போர்ச்சுகலின் ட்ரொஃபியூ என்று தேட நிறைய நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு முழம் நீளப் பலகையில் நாலைந்து கார் வசதியாக நிற்கும். 1:18 அழகுதான், கதவு திறக்கும், எஞ்சின் தெரியும். கியோஷோ, சன் ஸ்டார் இரண்டுமே அந்த அளவில் ஸ்ட்ராடோஸ் செய்திருக்கின்றன. ஆனால் பத்து கார் சேர்வதற்குள் இடம் தீர்ந்துவிடும். தொடக்கத்தில் அளவுகளைக் கலக்காதீர்கள். ஒன்றை ஒன்று ஒப்பிட முடியாமல் போய்விடும்.

டை-காஸ்ட்டா, ரெசினா? டை-காஸ்ட் துத்தநாகக் கலவை உலோகம். கையில் கனமாக இருக்கும், கொஞ்சம் தடவினாலும் தாங்கும். ரெசின் என்பது அச்சில் வார்க்கும் ஒருவகைப் பிசின். நுணுக்கமானது, ஆனால் பெரும்பாலும் எதுவும் திறக்காது, கீழே விழுந்தால் உடையும். முதல் காருக்கு டை-காஸ்ட் போதும்.

படி 4: படத்தோடு ஒப்பிடுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது.

வாங்க நினைக்கும் மாடலின் ராலி பெயர், ஆண்டு, எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இடபிள்யூஆர்சி-ரிசல்ட்ஸ் (eWRC-results) என்ற இணையத் தரவுத்தளத்தில் அந்த ராலியைத் தேடினால் யார் எந்த எண்ணில் ஓடினார்கள் என்று பட்டியல் கிடைக்கும். பெட்டியில் இருப்பதும் பட்டியலில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, அந்த ராலியில் எடுத்த புகைப்படங்களைத் தேடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அலிடாலியா ஸ்ட்ராடோஸ் என்று தேடினால் வரும் வண்ணப் படங்களில் பல இன்றைய பழைய-கார் விழாக்களில் எடுத்தவை. அசல் ஸ்ட்ராடோஸ் ஐந்நூறுக்குள்தான் இருக்கும். விழாக்களில் ஓடுபவற்றில் பல, பின்னாளில் செய்த நகல் கார்கள். அவற்றுக்கு உரிமையாளர் தன் ரசனைப்படி வண்ணம் பூசியிருப்பார். அதை ஆதாரமாக வைத்து "மாடல் தப்பு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எனக்கு அப்படி நடந்தது. சரியாக இருந்த ஒரு மாடலைத் தப்பென்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே மாடலை மறுபடி கண்டுபிடிக்க இரண்டு ஆண்டு ஆயிற்று. பின்னணியில் நிற்கும் மக்களின் உடை, மற்ற வண்டிகள், முன்பக்க ராலி தகடு (ராலியின் பெயர் தாங்கிய தகடு) ஆகியவற்றைப் பார்த்தால் அந்தக் காலப் படமா என்று தெரிந்துவிடும்.

படத்தில் கவனிக்க வேண்டியவை: முன் விளக்குகள் எத்தனை, எங்கே பொருத்தியிருக்கிறார்கள், வீல் நிறம், டயருக்குப் பின்னால் மட்-ஃப்ளாப் உண்டா, வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரம். மான்டே கார்லோவில் அந்தக் காலத்தில் டுரினி மலைக் கணவாயை இரவில் கடந்தார்கள், அதனால் விளக்குக் கூட்டம் முக்கியம். பகலில் ஓடும் தார்ச்சாலை ராலியில் அது இருக்காது. மண் ராலி என்றால் வண்டி உயர்ந்து நிற்கும். மாடல் செய்பவர்கள் சிலர் ஒரே உடலை எடுத்து டெகாலை (எழுத்து, சின்னம் கொண்ட ஒட்டுப்படம்) மட்டும் மாற்றி எல்லா ராலிக்கும் விற்றுவிடுவார்கள். உயரத்தைப் பார்த்தால் அது பிடிபடும்.

ராலி தகட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரின் ஸ்பான்சர் வேறு, ராலியின் ஸ்பான்சர் வேறு. போர்ச்சுகல் ராலி 1967-ல் தொடங்கியபோது அதன் பெயரே டாப் ராலி. அந்நாட்டு விமான நிறுவனத்தின் பெயர் அது. 1973-ல் அதை வென்ற ழான்-லுக் தெரியேவின் ஆல்பைன் ஏ110 விமான வண்ணத்தில் இல்லை, நீல நிறக் கார். ஆனால் ராலியின் பெயரே விமான நிறுவனம். அதேபோல 1977-ல் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஓடிய நெடும்பயண ராலிக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஸ்பான்சர். ஆண்ட்ரூ கோவன் மெர்சிடீஸ் 280இ-யில் வென்றார். அந்த வண்டிகள் இந்தியாவைக் கடந்து வந்து, மெட்ராஸில் கப்பலேறித்தான் பினாங்குக்குப் போயின. இப்படிப்பட்ட கார்களையும் உங்கள் சேகரிப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் சேர்க்கிறேன், தனி வரிசையில்.

படி 5: வாங்குங்கள்

பழைய மாடல் என்றால் ஆறு படம் கேளுங்கள்: முன், பின், இரு பக்கம், மேல், அடிப்பாகம். கண்ணாடி, வைப்பர், ஏரியல் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பெட்டியும் அடித்தட்டும் அதே காருடையவையா என்றும் கேளுங்கள். தனியார் யாராவது டெகால் மாற்றிச் செய்த மாடலை "கோட் 3" என்பார்கள். அது கெட்டதல்ல, ஆனால் தொழிற்சாலை மாடல் விலைக்கு அதை வாங்கக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியைக் கணக்கில் வையுங்கள். சுங்க அட்டவணையில் அளவு மாடல்களும் பொம்மைகளும் ஒரே தலைப்பில்தான் வருகின்றன. இந்தியாவில் பொம்மைக்கான அடிப்படை வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. ஆர்டர் போடும் நாளில் நடப்பு விகிதத்தைப் பாருங்கள். கார் விலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பார்சல் வாசலுக்கு வந்தபின் திகைக்க வேண்டாம்.

படி 6: பத்திரமாக வையுங்கள்

பெட்டியிலிருந்து எடுக்கும்போது கூரையைப் பிடித்துத் தூக்காதீர்கள். அடித்தட்டில் ஸ்க்ரூ இருக்கும், அதைக் கழற்றி, அடிப்பாகத்தைப் பிடித்து எடுங்கள்.

அலிடாலியா காருக்கு முதல் எதிரி வெயில். சிவப்பு வெளிறும், வெள்ளை மேல் ஒட்டிய டெகாலின் ஒளிபுகும் ஓரம் மஞ்சளாகும். வெள்ளைக் கார் என்பதால் அது பளிச்சென்று தெரியும். ஜன்னலுக்கு எதிரே ஷோகேஸ் வேண்டாம்.

இரண்டாவது ஈரம். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மூடிய கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். உலோகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், ஈரத்தில் உள்ளேயிருந்து அரித்து உடல் உப்பும், விரிசல் விடும். சேகரிப்பாளர்கள் இதைச் சிங்க் பெஸ்ட் என்பார்கள். வந்துவிட்டால் மருந்து கிடையாது. பழைய கார் வாங்கும்போது பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளமோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது டயர். மென்மையான ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை, அது தொடும் பிளாஸ்டிக் தட்டை மெல்லக் கரைக்கும். நீண்ட நாள் பெட்டியில் வைப்பதானால் காருக்கு அடியில் சிறு கட்டை கொடுத்து, டயர் தட்டைத் தொடாமல் பாருங்கள்.

தூசிக்கு மெல்லிய மேக்கப் பிரஷ் போதும். துணி வேண்டாம், வைப்பரில் மாட்டிக்கொள்ளும்.

படி 7: ஒரு நோட்டு போடுங்கள்

காருக்கு ஒரு பக்கம். ராலி, ஆண்டு, எண், ஓட்டுநர், கோ-டிரைவர், தயாரிப்பாளர், அளவு, வாங்கிய தேதி, கொடுத்த விலை. கீழே, நிஜப் படத்தோடு ஒப்பிட்டபோது கண்ட வேறுபாடு. முதல் பக்கத்தில் 1975, எண் 14, முனாரி, மன்னூச்சி என்று எழுதிவிட்டு, அடுத்த இரண்டு பக்கங்களின் தலைப்பில் 1976, 1977 என்று மட்டும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.