வாடை வரும் முன் கணக்குப் போடுங்கள்: கனடாவுக்குப் புதிதாகப் போன திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

கார்த்திகை, மார்கழியில் திருகோணமலையில் வாடைக்காற்று எழும்பி மழை கொட்டத் தொடங்கினால் கடல்தொழில் படுத்துவிடும், நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதிகளில் வேலை செய்கிறவர்களுக்கும் வேலை குறைந்துவிடும், அதற்குள் தைப்பொங்கலும் வந்து நிற்கும். வீட்டிலிருந்து உங்களுக்கு அழைப்பு வருவது அப்போதுதான். கனடாவிலும் அதே மாதங்களில்தான் குளிர் இறுகி, கூரை வேலை, கொங்கிரீட் வேலை, தோட்ட வேலை எல்லாம் சுருங்கிப் போகும். இங்கே காசு தேவைப்படும் நேரமும் அங்கே உங்கள் கையில் காசு குறையும் நேரமும் ஒன்றாக வந்து மோதுகின்றன. பல வருடம் ஸ்காபரோவில் இருந்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிற எனக்கு இரண்டு பக்கமும் தெரியும், நான் பார்த்த மட்டில் பிள்ளைகள் கிரெடிட் கார்ட் கடனில் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதனால் போய் இறங்கிய கோடையிலேயே ஒரு பழக்கத்தைத் தொடங்குங்கள். சம்பளம் வரும் கணக்கு வேறு, குளிர்காலத்துக்குச் சேர்க்கும் கணக்கு வேறு. வேலை நன்றாக ஓடும் மாதங்களில், ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு பங்கு தானாகவே இரண்டாவது கணக்குக்குப் போகும்படி வங்கியில் சொல்லி வைக்கலாம். வேலை இன்னும் கிடைக்கவில்லை, போடக் காசும் இல்லை என்றாலும் சரியான அடையாள ஆவணம் இருந்தால் வங்கிக் கணக்கு திறக்கலாம், அது அங்கே உங்கள் உரிமை. யாருடைய கணக்கிலோ சம்பளத்தைப் போடச் சொல்லிவிட்டு அவரிடம் கையேந்தி நிற்க வேண்டாம்.

இனி கிரெடிட் விஷயம். ஊரில் சந்திக் கடைக்காரருக்கு உங்களையும் தெரியும், உங்கள் அப்பாவையும் தெரியும், கொப்பியில் எழுதிக்கொண்டு சாமான் தருவார். ரொறன்ரோவில் அந்தக் கொப்பியை ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. 300 முதல் 900 வரை புள்ளி போடுவார்கள், வீடு வாடகைக்குத் தருகிறவர்கூட அதைக் கேட்பார். மக்கள் வங்கியில் நீங்கள் தவணை தவறாமல் கட்டிய கடனெல்லாம் அங்கே கணக்கில் வராது, எல்லாம் புதிதாகத்தான் தொடங்கும். அந்தப் பதிவைத் தொடங்க, புதிதாக வந்தவர்களுக்கென்று சில வங்கிகள் கிரெடிட் கார்ட் தருகின்றன. கிடைக்காவிட்டால் வங்கியில் பிணையாகக் காசு கட்டி எடுக்கும் கிரெடிட் கார்ட் இருக்கிறது, அதுவும் அதே வேலையைச் செய்யும். ஒன்று போதும். கடைகளில் வாசலில் நின்று கூப்பிட்டுத் தருகிறார்களே என்று நாலைந்துக்கு விண்ணப்பித்தால் ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் பதிவில் விழும், புள்ளியும் கொஞ்சம் இறங்கும்.

அந்த ஒரு கார்ட்டில் மளிகைச் சாமானும் பஸ் காசும் மட்டும் போடுங்கள், எல்லை 1,000 டொலர் என்றால் 300க்கு மேல் போகாமல் பாருங்கள், பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். முழுதாகக் கட்டுகிறவருக்கு, வாங்கிய சாமானுக்கு குறைந்தது 21 நாள் வட்டியில்லாத அவகாசம் உண்டு. பில்லில் போட்டிருக்கும் ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டினால் பதிவு கெடாதுதான், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்: பல கார்ட்களில் அது ஆண்டுக்கு 20 வீதம் அளவில் இருக்கிறது, அதாவது 1,000 டொலர் கடன் ஒரு வருடம் அப்படியே கிடந்தால் ஏறத்தாழ 200 டொலர். கார்ட்டிலிருந்து காசாக எடுத்தால் 21 நாள் சலுகையே கிடையாது, எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் கட்டணம். ஊருக்குக் காசு அனுப்பும் சேவையில் கார்ட்டைக் கொடுத்தாலும் பல நேரம் அதைக் காசு எடுத்ததாகத்தான் கணக்குப் பார்ப்பார்கள். வீட்டில் எவ்வளவு அவசரம் என்றாலும் கார்ட்டிலிருந்து ஊருக்கு அனுப்பாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் மனதில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

போவதற்குப் பட்ட கடனை எந்த ஒழுங்கில் அடைப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுப்பதுதான் நம்மவர் வழக்கம். கொஞ்சம் உட்கார்ந்து வட்டியைப் பாருங்கள். கைமாற்றாக மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு எடுத்திருந்தால் அது வருடத்துக்கு 60 வீதம், வேறு எதையும்விட அதுதான் உங்களைத் தின்கிறது, அதை முதலில் முடியுங்கள். வங்கியில் அடகு வைத்த நகைக்கு வட்டி அதைவிடக் குறைவு, ஆனால் தவணை முடிந்தும் மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போகும், அதனால் துண்டில் இருக்கும் தேதியை அம்மாவிடம் கேட்டு உங்கள் ஃபோனில் குறித்து வையுங்கள், வட்டியையாவது கட்டித் தவணையை நீட்டலாம். அம்மாவின் தாலிக்கொடி ஏலத்தில் போன வீட்டை நான் பார்த்திருக்கிறேன், அங்கே உழைக்கிற பிள்ளைக்கு அந்தத் தேதியே தெரியாமல் போயிற்று. வட்டியில்லாமல் தந்த மாமாவிடமும் சித்தியிடமும் மாதம் சிறிது சிறிதாகத் தருகிறேன் என்று நேரே பேசிவிடுங்கள், ஒளிந்து திரிவதுதான் உறவை முறிக்கும்.

சம்பளத்துக்கு முன்கடன் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கும். 100 டொலருக்கு 14 டொலர் வரை எடுக்கச் சட்டம் அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது, கேட்க சின்னத் தொகைதான், ஆனால் இரண்டு கிழமைக்கு அது என்றால் வருடக் கணக்கில் 365 வீதம். மற்றப் பெரும்பாலான தனிநபர் கடன்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து உச்ச வட்டி ஆண்டுக்கு 35 வீதம். அதற்கு மேல் கேட்பவரிடம் போகவே வேண்டாம்.

கூட இருக்கிற நண்பர் கார் எடுக்கக் கையெழுத்துக் கேட்பார். அவர் கட்டாவிட்டால் முழுக் கடனும் உங்கள் தலையில், பதிவும் உங்கள் பெயரில் கெடும். மறுப்பது கஷ்டம்தான், ஒரே அறையில் படுத்து எழும்புகிறவர், என்றாலும் மறுங்கள். சீட்டும் அப்படித்தான், ஊரில் ஆளைத் தெரியும் வீட்டைத் தெரியும், அங்கே சீட்டுப் பிடிப்பவர் எங்கே போனார் என்று தேட முடியாது.

வருமானம் குறைவாக இருந்தாலும் ஏப்ரல் 30க்குள் வரிக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் பிள்ளைக் கொடுப்பனவு போன்றவை அந்தக் கணக்கை வைத்துத்தான் வரும், வருமானம் குறைந்தவர்களுக்கு அதை இலவசமாக நிரப்பித் தரும் தொண்டர் முகாம்கள் பங்குனி, சித்திரையில் நடக்கும்.

பிறகு, வீட்டோடு ஒரு தடவை மனம்விட்டுப் பேசுங்கள். உங்கள் சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, மாதம் இவ்வளவுதான் அனுப்ப முடியும் என்று தொகையையே சொல்லுங்கள். வீடியோ அழைப்பில் பின்னால் தெரியும் பனியையும் காரையும் பார்த்து இங்கே இருப்பவர்கள் வேறு கணக்குப் போடுகிறார்கள், கோயில் திருவிழாவுக்கு உங்கள் பெயரில் தொகை எழுதிவிட்டுப் பிறகுதான் உங்களுக்குச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை ஐப்பசிக்கு முன் முடித்துவிடுங்கள், மழை தொடங்கிய பிறகு பேசினால் அது கைவிரிப்பதாகத்தான் அவர்களுக்குத் தெரியும்.