கறி கருத்துப்போவது எதனால்? கிடாயை அறுக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமங்கலம் ஆட்டுச்சந்தையில் பிடித்த கிடாயைக் குட்டியானை வண்டியில் நெருக்கி ஏற்றி, உச்சிவெயிலில் கொண்டுவந்து, இறக்கிய கையோடு அறுப்பதுதான் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு. கறி கருத்து, கையில் ஒட்டினால், கிழட்டு ஆட்டைத் தலையில் கட்டிவிட்டதாக வியாபாரியைக் குறை சொல்கிறோம். பல நேரங்களில் குறை ஆட்டின் வயதில் இல்லை. அதை நடத்திய விதத்தில் இருக்கிறது.

ஆட்டின் தசையில் கிளைக்கோஜன் என்னும் சத்து சேமிப்பாக இருக்கும். அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறுவதால், உயிருள்ள தசையில் ஏறத்தாழ 7 ஆக இருந்த பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அமிலம் கூடினால் இது குறையும்) ஒரு நாளுக்குள் 5.5 முதல் 5.8 வரை இறங்கும். கறியின் சிவப்பு நிறத்துக்கும், அது விரைவில் கெடாமல் இருப்பதற்கும் இந்த இறக்கமே காரணம். பட்டினியாலும் அச்சத்தாலும் அலைச்சலாலும் அந்தச் சேமிப்பு முன்னரே தீர்ந்துவிட்டால், பி.எச். 6-க்கு மேலேயே நின்று, கறி கருத்து இறுகிச் சீக்கிரம் கெடும். வெள்ளாடு எளிதில் மிரளக்கூடியது என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஓர் இரவு கட்டிப்போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதும் தவறே. ஓய்வு அவசியந்தான், ஆயினும் அசைபோடும் விலங்குகளில் தீர்ந்த கிளைக்கோஜன் மெதுவாகத்தான் மீளும். அதிலும், மந்தையோடு வாழ்ந்த ஆட்டைக் கிடாவெட்டுக்காகக் கொட்டுச் சத்தத்துக்கு நடுவில் தனியே கட்டினால், அது விடியவிடியக் கத்திக்கொண்டே நிற்கும். அதை ஓய்வு என்று எப்படிச் சொல்வது? பழகிய இன்னோர் ஆட்டுடன் நிழலில் விடுவது நல்லது. முன்பின் பழகாத கிடாய்களைச் சேர்த்து அடைத்தாலோ முட்டிக்கொள்ளும்.

தீவனத்தை நிறுத்தும்போது தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள். இரைப்பை நிறைந்திருந்தால் குடலெடுக்கும்போது கிழிந்து கறி அசுத்தமாகும் என்பதால், சுமார் 12 மணி நேரம் தீவனம் தவிர்ப்பது சரி. தண்ணீர் கடைசிவரை வேண்டும். உடல் வறண்ட ஆட்டில் எடையும் குறையும், தோல் உரிப்பதும் கடினமாகும்.

ஓர் ஆட்டின் கண்முன் மற்றோர் ஆட்டை அறுப்பதை, அறுவைக்கூடங்களுக்கான 2001-ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன.

காதையும் பின்னங்காலையும் பிடித்து இழுப்பதும் தடியால் அடிப்பதும் தோலுக்கடியில் இரத்தத்தைக் கட்டச் செய்யும். அப்படிக் கன்றிப்போன இடத்தைக் கறிக்கடைக்காரர் வெட்டி எறியத்தான் வேண்டும். பெரும்பாலும் அது விலைபோகும் தொடைக்கறியாகவே இருக்கும்.