செம்மழை நாளில் மழைமானியை எப்படிப் படிக்கக் கூடாது

காரின் கண்ணாடியிலும் சன்னல் விளிம்பிலும் செம்மண் புள்ளிகளைப் பார்த்ததும் ‘ராத்திரி நல்ல மழை போல’ என்று சொல்லிவிடுகிறோம். நடந்திருப்பது பெரும்பாலும் நேர்மாறு. கனமழை காற்றிலுள்ள தூசியைச் சீக்கிரமே கழுவி இறக்கிவிடும். பிறகு பெய்யும் தண்ணீர், படிந்த மண்ணையும் அடித்துக்கொண்டு போய்விடும். தூறலோடு நின்றால்தான் துளி காய்ந்து கறை தங்கும். கறையை வைத்து மழையை மதிப்பிடாதீர்கள். மழை கொஞ்சமாக இருக்கும் இப்படிப்பட்ட நாளில்தான் அளவெடுப்பதில் நேரும் சின்னப் பிழைகூடப் பெரிதாகிவிடுகிறது.

மண் கலந்ததால் அளவு கூடியிருக்குமோ என்று தோராயமாகக் கழித்துவிட்டு எழுதுவோர் உண்டு. தேவையே இல்லை. 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர், அதாவது 1000 கிராம் தண்ணீர். அதே பரப்பில் 5 கிராம் தூசி விழுந்தாலும் எடையில் அது 0.005 மி.மீ.க்குத்தான் சமம். வீட்டில் வைக்கும் சாதாரண மானியால் அதைக் காட்ட முடியாது. தூசி செய்யும் கெடுதல் வேறு: புனலின் குறுகிய துளையை அடைத்துவிடும். தண்ணீர் மேலேயே தேங்கி ஆவியாகும், உள்ளே அளவு குறைவாக நிற்கும். தானியங்கி மானிகளில் சீசா பலகை போல மாறிமாறிச் சாயும் சிறு கிண்ணங்களில் சேறு ஒட்டினால், பாரம் மாறி எண்ணிக்கையே தப்பாகிவிடும். செம்மழைக்கு மறுநாள் புனலைக் கழற்றிக் கழுவுவது முதல் வேலை.

இன்னொன்று, குழாயின் உட்சுவரில் காய்ந்து நிற்கும் மண் வளையம். அதை நீர்மட்டம் என்று படித்துவிடுவது எளிது. கலங்கல் அடங்கும் வரை சற்றுப் பொறுத்து, நீர்ப்பரப்பின் குழிந்த அடிப்பகுதி எந்தக் கோட்டில் இருக்கிறது என்று கண்மட்டத்தில் பாருங்கள். வெயில் ஏறும்வரை விட்டுவைக்க வேண்டாம்.

பாத்திரத்தில் பிடித்து ஸ்கேல் வைத்து அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வாயும் அடியும் ஒரே அகலமாக, செங்குத்துச் சுவரோடு இருந்தால் மட்டுமே அந்த உயரம் மழையளவு. வாளி அப்படி இருப்பதில்லை. வெட்டிய பாட்டிலின் அடியும் மேடுபள்ளம்தான். தண்ணீரைச் சமையலறைத் தராசில் நிறுப்பது இதைவிட நம்பகமானது. வாயின் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ.; 7.85 கிராம் தண்ணீர் 1 மி.மீ. மழை. ஸ்கேலில் கண்ணுக்குப் பிடிபடாத அரை மில்லிமீட்டரும் தராசில் பிடிபடும்.

இடம் தப்பினால் இத்தனை கணக்கும் வீண். கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் சாய்ந்து வரும் மழையைச் சுவர் மறைக்கும். மரத்தடியில் இலை கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொட்டும். பக்கத்தில் உள்ள தடை எவ்வளவு உயரமோ, குறைந்தது அதைப்போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். தரையோடு தரையாகவும் வைக்காதீர்கள். மண்ணில் மோதிய துளி தெறித்து உள்ளே விழுந்தால் அளவும் கூடும், சாதாரண மழையே செம்மழை வேஷமும் போடும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் மானியின் வாயை 30 செ.மீ. உயரத்தில் வைப்பது இந்தத் தெறிப்பைத் தவிர்க்கத்தான்.

நிறத்தை ஆராய ஆசைப்படுவோர் செய்யும் தவறு, பல நாள் வெளியே கிடந்த மானியில் உள்ள வண்டலைப் பார்த்து மழையோடு வந்தது என்று முடிவுகட்டுவது. வறண்ட நாளிலும் தூசி விழுகிறது. மழைக்குச் சற்று முன் சுத்தமான வேறொரு பாத்திரத்தை வைத்துப் பிடித்தால்தான் அந்த மழையின் கதை தெரியும். சிவப்பெல்லாம் பாலைவனத் தூசியும் அல்ல. சகாரா தூசிக்கு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. ஆனால் 2001-இல் கேரளத்தின் கோட்டயம், இடுக்கிப் பகுதிகளில் பெய்த செம்மழையை ஆராய்ந்தவர்கள் கண்டது டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகளை. விண்கல் வெடித்தது என்றுகூட முதலில் பேச்சு அடிபட்டது. கையில் எடுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது, நுண்ணோக்கி வேண்டும். சிவந்த மழை என்றால் அமில மழை என்பதும் வெறும் பயம். சகாரா தூசியில் உள்ள சுண்ணாம்புச் சத்து அமிலத்தைக் குறைக்கவே செய்யும்.

குறிப்பேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஒரே நேரத்தில் அளவெடுங்கள். இந்தியாவில் வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30-க்கு முடிகிறது. மழையில்லாத நாளுக்கு 0 எழுதுங்கள், பார்க்காத நாளைத்தான் வெற்றிடமாக விட வேண்டும். புள்ளி மட்டும் விழுந்து மானியில் ஒன்றும் தேறாவிட்டால் ‘அளக்க முடியாத தூறல்’ என்று எழுதி, நிறத்தைப் பக்கத்துக் கட்டத்தில் தனியாகக் குறியுங்கள்.